அப்ரண்டிஸ் பயிற்சி: சேரும் முன் இடத்தைப் பாருங்க

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ஐ.டி.ஐ. படிச்ச பிள்ளை இல்லாத தெரு குறைவு. ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வெல்டர், கோபா என்று ஏதோ ஒரு டிரேடு. சான்றிதழ் வந்த மறுமாசமே வீட்டில் பேச்சு தொடங்கிடும்: “சும்மா உட்காராதே, சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில அப்ரண்டிஸ் எடுக்குறாங்களாம், போய்ச் சேரு.”

போகலாம், தப்பில்லை. ஆனா உங்க மனசுல ரயில்வே மாதிரி அரசு வேலை இருந்தா, அந்தக் கையெழுத்துக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க. தொழிற்பழகுநர் பயிற்சியை (நாம அப்ரண்டிஸ்னு சொல்றது இதைத்தான்) முடிச்சவரை ரயில்வே பொதுவா மறுபடி அப்ரண்டிஸாக எடுப்பதில்லை. வேறு இடத்தில் சட்டப்படி பயிற்சி எடுத்திருந்தாலோ, எடுத்துக்கொண்டிருந்தாலோ விண்ணப்பிக்க முடியாது என்று அதன் அறிவிப்புகளிலேயே இருக்கும். அதனால எந்த இடத்துல முதல்ல சேர்றீங்க என்பதுதான் முக்கியம்.

ஏன் ரயில்வேயையே சொல்கிறோம்? அங்கே பயிற்சி முடித்தவர்களுக்குக் கணக்கில் வரும் ஒரு பங்கு இருக்கு. லெவல் 1 பணிகளில், அதாவது முன்பு குரூப் டி என்று சொன்ன பணிகளில், 20 சதவீத இடம் ரயில்வே நிறுவனங்களிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ஒதுக்கப்படுது. 2019இல் வந்த அறிவிப்பில் மொத்தம் 1,03,769 இடங்கள். அதில் 20,734 இந்தப் பங்கு. தேர்வு எழுதணும், அதில் தப்ப முடியாது. ஆனா போட்டி, இதே பயிற்சி முடித்தவர்களுக்குள் மட்டும்தான். தனியார் கம்பெனியில் பயிற்சி எடுத்தவருக்கு இந்தப் பங்கு கிடையாது.

தெற்கு ரயில்வேயின் அப்ரண்டிஸ் அறிவிப்பில் தகுதியுள்ள பகுதிகளில் புதுச்சேரியும் வரும். பெரம்பூர், திருச்சி பொன்மலை, கோவை போத்தனூர் போன்ற இடங்களில் பயிற்சி நடக்கும். வில்லியனூர் ஸ்டேஷன் வழியே 1879லேயே ரயில் வந்துவிட்டது. அந்த ரயிலைப் பழுது பார்க்கிற பட்டறைக்குள் நம்ம பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் போகலாம்.

ஐ.டி.ஐ. முடித்தவருக்குப் பத்தாம் வகுப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் தேசிய தொழிற் சான்றிதழும் வேணும். வயது 15 முதல் 24 வரை; ஓ.பி.சி.க்கு 3 ஆண்டு, எஸ்.சி., எஸ்.டி.க்கு 5 ஆண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கு 10 ஆண்டு தளர்வு. ஐ.டி.ஐ. போகாதவருக்கும் வழி இருக்கு: பத்தாவது முடித்தவர் ஃபிட்டர், வெல்டராகவும், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர் ரயில்வே மருத்துவமனை ஆய்வகப் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம். பத்தாவது முடித்து ஃபிட்டர், வெல்டருக்கு விண்ணப்பிப்பவருக்கு வயது வரம்பு 22. பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் இல்லை, மற்றவர்களுக்கு 100 ரூபாய்.

முக்கியமான ஒரு விஷயம். இந்தப் பயிற்சிக்கு எழுத்துத் தேர்வும் இல்லை, நேர்காணலும் இல்லை, மதிப்பெண் வரிசைதான். அதனால “உள்ளே ஆள் இருக்கு, இவ்வளவு கொடுத்தா சேர்த்துடுவேன்”னு ஒருத்தர் வீட்டுக்கு வந்தா, அவரால் மாற்றக்கூடியது எதுவுமே இல்லை. நகையை அடகு வைக்காதீங்க.

பயிற்சி முடிச்சா வேலை நிச்சயமா? இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அப்ரண்டிஸைத் தொழிலாளியாகக் கருதுவதில்லை, பயிற்சி பெறுபவராகவே பார்க்குது. 2014 திருத்தம், பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்கணும் என்றது. அதனால சேரும் இடத்தில் “உங்க கொள்கை என்ன?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. உத்தரப் பிரதேச போக்குவரத்துக் கழக வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் பயிற்சி பெற்றவருக்கு முன்னுரிமை தரணும் என்று சொன்னது. வயது வரம்பு பற்றிப் பணி விதிகளில் எதுவும் இல்லையென்றால் பயிற்சிக் காலம் அளவுக்குத் தளர்வு தரணும் என்றும் சொன்னது.

பாகூர் பக்கம் இருப்பவர்களுக்கு நெய்வேலி என்.எல்.சி. கூப்பிடு தூரம், ஐ.டி.ஐ., டிப்ளமோ, பட்டம் முடித்தவர்களை அங்கே அப்ரண்டிஸாக எடுக்கிறாங்க. ஸ்டேட் பாங்கில் அப்ரண்டிஸ் முடித்தவருக்கு அதன் கிளார்க் தேர்வில் மொத்த மதிப்பெண்ணில் 2.5 சதவீதம் சலுகை உண்டு. ஆக, ஒவ்வொரு இடத்திலும் கிடைப்பது வேற வேற.

உதவித்தொகை பற்றி: 2019 விதிகளில் மாதக் குறைந்தபட்சம் பத்தாவது முடித்தவருக்கு 6,000, ஐ.டி.ஐ.க்கு 7,000, டிப்ளமோவுக்கு 8,000, பட்டத்துக்கு 9,000 ரூபாய். இதை 36 சதவீதம் உயர்த்த 2025 மே மாதம் மத்திய தொழிற்பழகுநர் கவுன்சில் பரிந்துரைத்தது. சேரும் நாளில் நடப்பில் உள்ள தொகை ஒப்பந்தத்தில் இருக்கான்னு பாருங்க.

இனி செல்போன் வேலை. ஐ.டி.ஐ., பள்ளிப் படிப்புக்காரர்கள் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்திலும், டிப்ளமோ, பட்டதாரிகள் நாட்ஸ் தளத்திலும் பதியணும். ஆதாரில் உள்ள பெயரும் பத்தாவது சான்றிதழில் உள்ள பெயரும் ஒண்ணா இருக்கான்னு முதல்ல பாருங்க; இனிஷியலில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். ஆதாரோடு இணைத்த நம்பர் உங்க கையில் இருக்கட்டும், ஓ.டி.பி. அதுக்குத்தான் வரும். வங்கிக் கணக்கிலும் ஆதார் இணைந்திருக்கணும். தேசிய ஊக்குவிப்புத் திட்டத்தில் அரசு தரும் பங்கு, மாதம் 1,500 ரூபாய் வரை, நேராக உங்க கணக்குக்கே வருது.

சேர்ந்த பிறகு, உங்க ஒப்பந்தம் தளத்தில் பதிவாகியிருக்கான்னு நீங்களே உள்ளே போய்ப் பாருங்க. பதிவாகாமல் ஒரு வருஷம் வேலை பார்த்தா கையில் அனுபவம் இருக்கும், தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் இருக்காது. அந்த 20 சதவீதத்துக்குக் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.