எல்லோருக்கும் பிடித்தும் நின்றுபோகும் கதைகள்: ஜப்பானில் ஒரு புது மங்கா தொடரின் ஆயுளை யார் முடிவு செய்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை இரவு 8.30 மணி. ஜப்பானில் அப்போது நள்ளிரவு 12 ஆகி, திங்கட்கிழமை பிறந்துவிடும். அந்த வாரத்து 'ஷோனென் ஜம்ப்' தொடர்களின் புது அத்தியாயங்கள் செயலியில் வந்து விழும் நேரம் அது. சென்னையிலோ கோவையிலோ இருக்கும் ரசிகரும் அதே நிமிஷத்தில் படிக்கலாம். படித்த கையோடு கருத்து மழையும் ஆரம்பித்துவிடும். "புதுசா வந்த தொடர் செம", "இது பத்து வாரம் கூட தாங்காது", "ஹீரோ சரியில்ல, வில்லன் ஓகே" என்று ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு.

தீர்ப்பெல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தொடர் பிழைக்குமா, நிற்குமா என்பதை முடிவு செய்வதில் இந்தக் கருத்துகளுக்கு எவ்வளவு எடை இருக்கு? நாம் நினைப்பதை விட ரொம்பக் குறைவு. உண்மையான எடை, ஜப்பானில் அந்த இதழை வாங்கியவர் நிரப்பி அனுப்பும் ஒரு சின்ன வாக்கெடுப்புக்குத்தான். அதன் விதி கொஞ்சம் விசித்திரமானது. விரிவாகப் பார்க்கலாம்.

அட்டையில் என்ன கேட்கிறார்கள்?

ஷுயேஷா என்ற பதிப்பகம் 1968-ல் தொடங்கிய இதழ் ஷோனென் ஜம்ப். டிராகன் பால், நருட்டோ, ஒன் பீஸ் எல்லாம் இதில்தான் வந்தன. போன 2025 செப்டம்பரில் தமிழ் டப்பிங்கோடு நம்ம ஊர் தியேட்டர்களுக்கு வந்த 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' படத்தின் மூலக் கதையும் இதே இதழில் 2016 முதல் 2020 வரை வாராவாரம் வந்ததுதான்.

ஒரு இதழில் ஏறத்தாழ 20 தொடர்கள் இருக்கும். கூடவே ஒரு அஞ்சலட்டை. "இந்த வாரம் உங்களுக்கு மிகவும் பிடித்த 3 தொடர்கள் எவை?" என்பதுதான் அதன் முக்கியமான கேள்வி. வயது, பாலினம் போன்ற விவரங்களையும் எழுதி அனுப்பினால் பரிசுக் குலுக்கலில் சேர்த்துக்கொள்வார்கள். இப்போது இணையம் வழியாகவும் வாக்களிக்கலாம். ஆனால் கேள்வி மாறவில்லை.

கவனிச்சீங்களா? "எது பிடிக்கவில்லை" என்று கேட்கவில்லை. ஒவ்வொரு தொடருக்கும் பத்துக்கு எத்தனை மார்க் என்றும் கேட்கவில்லை. மூன்றே மூன்று பெயர்.

இதன் விளைவைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 100 வாசகர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு புதுத் தொடரை 100 பேரும் விரும்பிப் படிக்கிறார்கள், ஆனால் எல்லோருக்கும் அது நான்காவது இடம்தான். அதற்குக் கிடைக்கும் வாக்கு பூஜ்யம். இன்னொரு புதுத் தொடரை 80 பேர் திட்டித் தீர்க்கிறார்கள், மீதி 20 பேருக்கு அதுதான் உயிர். அதற்கு 20 வாக்கு. எது பிழைக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

அதாவது வெறுப்புக்கு இங்கே கணக்கே கிடையாது. எத்தனை ஆயிரம் பேர் கழுவி ஊற்றினாலும் அது கழித்தல் ஆகாது. அதே சமயம் "பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு" என்ற மிதமான பாராட்டுக்கும் மதிப்பில்லை. யாராவது சிலருக்காவது பைத்தியம் பிடிக்க வைக்க வேண்டும். ஜம்ப் கதைகளின் ஹீரோக்கள் ஏன் இவ்வளவு கத்துகிறார்கள், முதல் அத்தியாயத்திலேயே ஏன் இத்தனை பெரிய சபதம் போடுகிறார்கள் என்பதற்கு இதில் பாதி பதில் இருக்கு என்பது நம் கணிப்பு.

ஏன் இப்படி ஒரு முறை வந்தது?

ஜம்ப் வந்தபோது போட்டி இதழ்களான 'ஷோனென் மேகசின்', 'ஷோனென் சண்டே' இரண்டும் 1959 முதலே சந்தையில் இருந்தன. பெயர் பெற்ற ஓவியர்கள் அங்கே இருந்தார்கள். தாமதமாக வந்த ஜம்ப், புதுமுகங்களை நம்பித்தான் இறங்க வேண்டியிருந்தது. புதுமுகத்தின் பெயரை வைத்து எதையும் கணிக்க முடியாது. அப்போ யார் தேறுவார் என்பதை வாசகரிடமே கேட்பதுதான் வழி. அப்படி மேலே வந்தவர்கள்தான் கோ நாகாய், ஹிரோஷி மோட்டோமியா போன்றவர்கள்.

முறை பலித்தது என்பதற்கு ஒரு எண் போதும். 1994 இறுதியில் வந்த ஒரு இதழ் மட்டும் 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதிகள் அச்சானது. ஒரே வாரத்துக்கு! இன்றைய அச்சுப் பிரதிகள் அதில் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை, படிப்பவர்கள் செல்போனுக்குப் போய்விட்டார்கள். இருந்தாலும் வாக்கெடுப்பு அப்படியே தொடர்கிறது.

புதுத் தொடர் வந்தால், பழையது போகணும்

இதழின் பக்கங்கள் ஏறாது. எனவே வருஷத்தில் சில முறை இரண்டு, மூன்று புதுத் தொடர்கள் அடுத்தடுத்த வாரங்களில் தொடங்கும்போது, கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையில் வேறு தொடர்கள் முடிவுக்கு வரும். புதுத் தொடருக்கு ஆரம்பத்தில் மரியாதை பலம். அட்டைப்படம், இதழின் முதல் இடம், வண்ணப் பக்கங்கள், வழக்கத்தை விட நீளமான முதல் அத்தியாயம் எல்லாம் கிடைக்கும். அதன் பிறகு வாரம் 19 பக்கம் என்ற ஓட்டம்.

சில வாரங்கள் கழித்து, வாக்குகளைப் பொறுத்து இதழுக்குள் அதன் இடம் மாற ஆரம்பிக்கும். முன்பக்கம் என்றால் நல்ல செய்தி. பின்னால் போய்க்கொண்டே இருந்தால் கவலைக்கிடம். வாக்கு எண்ணிக்கையைப் பதிப்பகம் வெளியிடுவதில்லை. ஆனால் ரசிகர்கள் விடுவார்களா? வாராவாரம் பொருளடக்கத்தை எடுத்து வைத்து, எந்தத் தொடர் எத்தனையாவது இடம் என்று பட்டியல் போட்டு, ஜாதகம் கணிப்பது மாதிரி கணிக்கிறார்கள். முழுக்க நம்ப முடியாது. வண்ணப் பக்கம் கிடைக்கும் வாரத்தில் இடம் தானாக மாறும். 2000 முதல் 2010 வரை வந்த 'பியூ டு ஃபுகு! ஜாகுவார்' என்ற நகைச்சுவைத் தொடருக்கு இதழின் கடைசி இடம்தான் நிரந்தர வீடு. அது தோல்வி அல்ல, கடைசிப் பக்கத்தில் சிரிக்க வைத்து அனுப்பும் வேலை.

தேறாத புதுத் தொடர் பலவும் 20 அத்தியாயத்தை ஒட்டியே முடிந்துவிடும். அதாவது சுமார் ஐந்து மாதம், இரண்டு மூன்று புத்தகங்கள். கதையை முடிக்கச் சில வாரங்கள்தான் அவகாசம் கிடைக்கும். அதனால்தான் திடீரென்று "பல வருடங்கள் கழித்து..." என்று தாவுவதும், "நம் போராட்டம் இனிமேல்தான்" என்ற தொனியில் ஹீரோ ஓடுவதோடு முற்றும் போடுவதும். ஜப்பானில் இந்த வகை முடிவே ஒரு கேலிப்பொருள்.

கேலிக்குப் பின்னால் ஒரு பிழைப்பு இருக்கு. ஓவியருக்கு உதவியாளர்கள் இருப்பார்கள். பின்னணி வரைபவர், மை நிரப்புபவர் என்று சிலர். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் ஓவியரேதான். தொடர் நின்றால் ஒருத்தருக்கு மட்டும் வேலை போவதில்லை.

பெரிய பெயருக்கும் விதிவிலக்கு இல்லை

மசாமி குருமாடா என்ற ஓவியர் 'ரிங் நி ககேரோ' என்ற குத்துச்சண்டைத் தொடரால் ஜம்பின் நட்சத்திரம் ஆனவர். அவர் 1984-ல் 'ஒடோகோசகா' என்ற தொடரை ஆரம்பித்தார். இதை வரையத்தான் தான் இந்தத் தொழிலுக்கே வந்ததாகச் சொன்ன கனவுத் தொடர். வாசகர்கள் கைகொடுக்கவில்லை. அடுத்த ஆண்டே, மூன்று புத்தக அளவிலேயே நின்றது. கடைசிப் பக்கத்தில் வழக்கமான 'முற்றும்' போடவில்லை. 'முடியவில்லை' என்ற பொருளில் இரண்டு எழுத்துகளைப் பெரிசாக எழுதி வைத்தார்.

அத்தோடு ஓய்ந்தாரா என்றால் இல்லை. அடுத்து என்ன பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, பளபளக்கும் கவசம் போட்ட வீரர்களோடு வந்தார். அதுதான் 'செயின்ட் செய்யா'. உலகம் முழுக்க ஓடியது. 2014-ல், கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து, விட்ட இடத்திலிருந்து ஒடோகோசகாவையும் தொடர்ந்தார்!

இன்னும் பக்கத்து உதாரணம் வேண்டுமா? நருட்டோவை 15 ஆண்டுகள் வரைந்த மசாஷி கிஷிமோட்டோ. 2019-ல் அவர் கதை எழுத, இன்னொருவர் வரைய, 'சாமுராய் 8' வந்தது. விளம்பரம் தூள் பறந்தது. 43 அத்தியாயங்களில் முடிந்துபோனது. கதையின் விதிகளை விளக்கவே பக்கங்கள் போய்விட்டன என்பது பல ரசிகர்களின் புகார். வாசகருக்கு நருட்டோ மேல் இருந்த பாசம், அட்டையில் மூன்று பெயர் எழுதும்போது உதவிக்கு வரவில்லை.

மறுபக்கமும் உண்டு. டிராகன் பால் தொடங்கிய சில மாதங்களில் வாக்குகள் சரிய ஆரம்பித்தன. அப்போதைய பதிப்பாசிரியர் கசுஹிகோ டோரிஷிமாவும் ஓவியர் அகிரா டோரியாமாவும் உட்கார்ந்து பேசினார்கள். ஹீரோவிடம் தனித்துவம் தெரியவில்லை என்பது டோரிஷிமாவின் குறை. பயணக் கதையாக இருந்ததை, 'வலிமையைத் தேடும் பையன்' கதையாக மாற்றினார்கள். கிரிலின் வந்தான், பயிற்சி வந்தது, சண்டைப் போட்டி வந்தது. மீதி உங்களுக்கே தெரியும். அந்தச் சரிவு வராமல் இருந்திருந்தால், இன்று நாம் பார்க்கும் கோகு இப்படி இருந்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

வாசகர் வாக்கு என்றதும் அமெரிக்காவின் ஒரு பழைய கதையும் ஞாபகம் வரும். 1988-ல் பேட்மேனின் கூட்டாளி ராபின் சாக வேண்டுமா, வேண்டாமா என்று டிசி நிறுவனம் தொலைபேசியில் வாக்கெடுப்பு நடத்தியது. சாகட்டும் என்றவர்கள் 5,343. பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வெறும் 72 வாக்கில் பையன் செத்தான். அங்கே அது ஒரு முறை நடந்த பரபரப்பு. ஜப்பானில் கிட்டத்தட்ட அதே தேர்வு, சத்தமில்லாமல், எல்லா வாரமும் நடக்கிறது.

அப்போ நம்ம கருத்துக்கு மதிப்பே இல்லையா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. வாக்கெடுப்பு முதல் வடிகட்டிதான். புத்தகமாக வந்தபின் எவ்வளவு விற்கிறது என்பதையும் பார்ப்பார்கள். டீமன் ஸ்லேயர் உலகப் புகழ் அடைந்தது 2019 ஏப்ரலில் அனிமே வந்த பிறகுதான். அதற்கு முன் மூன்று வருஷத்துக்கு மேல் இதழில் இடத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வருஷங்களில் அதைக் காப்பாற்றியது ஜப்பானிய வாசகர்கள், நாம் அல்ல.

இணையத்தில் ஆட்டமே கொஞ்சம் வேறு. 2014-ல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப் பிளஸ்' செயலியில் பக்கக் கட்டுப்பாடு கிடையாது. ஒருவர் வருவதற்காக இன்னொருவர் போக வேண்டியதில்லை. எத்தனை பேர் படித்தார்கள் என்ற எண்ணிக்கை அங்கே முக்கியம், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கீழே வாசகர் கருத்தும் எழுதலாம். 'ஸ்பை எக்ஸ் ஃபேமிலி', 'காய்ஜு நம்பர் 8', 'டான்டடான்' எல்லாம் அங்கிருந்து வந்தவை. மெதுவாகச் சூடு பிடிக்கும் கதைக்கு அச்சு இதழை விட இதுவே நல்ல இடம் என்பது நம் கருத்து.

வெளிநாட்டு வாசகருக்காக 2019 ஜனவரியில் ஷுயேஷாவே தொடங்கியதுதான் 'மங்கா பிளஸ்'. இங்கே நாம் படிப்பது கணக்கில் ஏறும், எது அதிகம் படிக்கப்படுகிறது என்ற தரவரிசையும் இருக்கு. திருட்டுத்தளத்தில், அதுவும் இதழ் கடைக்கு வரும் முன்பே கசிந்த பக்கங்களைப் படித்துவிட்டு, "இந்தத் தொடரைக் காப்பாற்றுங்கள்" என்று பதிவு போடுபவர்கள் நிறைய. அவர்கள் படித்தது பதிப்பகத்தின் எந்தக் கணக்கிலும் வராது. கசியவிடுவது விளையாட்டும் அல்ல. ஜம்ப் பக்கங்களை முன்கூட்டியே வெளியிட்டதாக 2024-ல் ஜப்பான் போலீஸ் இரண்டு பேரைக் கைது செய்தது.

மங்கா பிளஸில் ஒரு தொடரின் முதல் மூன்று அத்தியாயங்களும் கடைசி மூன்று அத்தியாயங்களும் இலவசம். ஆங்கிலம், ஸ்பானிஷ், பிரெஞ்சு உட்பட சில மொழிகள் உண்டு. தமிழ் இல்லை. ஒரு புதுத் தொடர் தொடங்கிய முதல் சில வாரங்களில் அநேகமாக மொத்தத்தையும் காசு கொடுக்காமலே படித்துவிடலாம். அதன் தலையெழுத்து எழுதப்படுவதும் ஏறக்குறைய அதே வாரங்களில்தான்.