பிள்ளைகளைச் சேர்க்குமுன் பெற்றோரைச் சேர்ப்போம்

மும்பை வாழ் தமிழன்பர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் இந்த ஆண்டு முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் சேர்ந்தார்கள்? தெரியாது என்றால் வருந்த வேண்டாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படிப்பட்ட பள்ளி ஒன்றில் வேலை பார்த்த எனக்கே, பள்ளிக்கு எதிர்ச் சந்தில் ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது நெடுநாள் தெரியாமல்தான் இருந்தது.

மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது மும்பை மாநகராட்சி. பிற மாநிலத்தில், கட்டணம் இல்லாமல், தமிழ் வழியில் படிக்க ஒரு வசதி! ஆனால் என் பணிக்காலத்தில் வகுப்பறை பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியானதைக் கண்ணால் கண்டவள் நான்.

ஒரு பிள்ளை, ஓர் ஆசிரியர்

பிள்ளைகள் குறைந்தால் என்ன நேரும் என்பதைப் பலர் அறிவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் ஓர் அட்டவணை உண்டு. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நான்கு பேர். அதாவது, 91 பேர் படிக்கும் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளை போனாலும் ஓர் ஆசிரியர் இடம் ஆட்டம் காணும். ஆசிரியர் குறைந்தால் இரண்டு வகுப்புகளை ஒரே அறையில் உட்கார வைக்க நேரும். அதைப் பார்த்து இன்னும் நான்கு பெற்றோர் விலகுவார்கள். இப்படித்தான் ஒரு பள்ளி மெல்ல மெல்லக் கரைகிறது.

ஜூன் மாத ஒலிபெருக்கி

நாங்கள் ஆரம்பத்தில் செய்தது என்ன? ஜூன் மாதம் பள்ளி திறக்கும் வாரத்தில் வாசலில் பேனர் கட்டினோம். ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துத் தாராவிச் சந்துகளில் அறிவிப்புச் செய்தோம். பலன் மிகக் குறைவு. காரணம் பிறகுதான் புரிந்தது. மே மாதம் நம் மக்களில் பாதிப்பேர் திருநெல்வேலி, விழுப்புரம் என்று ஊருக்குப் போய்விடுகிறார்கள். திரும்பி வரும்போது, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்பது முடிவாகியிருக்கும். பக்கத்து ஆங்கிலப் பள்ளியில் முன்பணமும் கட்டியிருப்பார்கள். நாங்கள் கல்யாணம் முடிந்த பிறகு பெண் கேட்டுப் போனவர்கள்!

எனவே காலத்தை முன்னுக்குத் தள்ளினோம். தீபாவளி முடிந்ததும் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். பாலவாடிக்கும் அங்கன்வாடிக்கும் போய், மறு ஆண்டு முதல் வகுப்புக்கு வர வேண்டிய பிள்ளைகளின் பெயர்களைச் சந்து வாரியாக எழுதினோம். பிறகு வீடு வீடாகப் போனோம்.

போகிற நேரமும் முக்கியம். இட்லி வியாபாரக் குடும்பங்களில் விடியுமுன்பே அடுப்பு எரியும். காலை வியாபாரம் முடிந்த பிறகுதான் அந்தத் தாய்மார்கள் கொஞ்சம் கண்ணயர்வார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் கிடைப்பது கோபம்தான். மாலை நான்கு மணிக்குப் போனால் மாவரைத்துக்கொண்டே பேசுவார்கள். முதல் முறை சேர்க்கை பற்றிப் பேசவே கூடாது என்று எங்களுக்குள் ஒரு விதி. பிள்ளையின் பெயர், ஊர், உடம்புக்கு ஏதாவது தொந்தரவு உண்டா, அவ்வளவுதான் கேட்போம். பொங்கலுக்குப் பள்ளிக்கு அழைப்போம். அவர்களே வந்து வகுப்பறை, கழிப்பறை, குடிநீர்க் குழாய் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.

அந்தத் தாய் கேட்ட கேள்வி

ஒரு நாள் அப்படிப் போன வீட்டில், தமிழ் வழிக் கல்வியின் சிறப்பைப் பற்றி நான் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி டீச்சர், ஒங்க மகன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்?" என்றார்.

என் மகன் படித்தது ஆங்கிலப் பள்ளியில். எனக்கு வியர்த்துவிட்டது. மழுப்பிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். உடன் வந்த இளம் ஆசிரியை தரையைப் பார்த்தாள். கடைசியில் உண்மையைச் சொன்னேன். "இங்கிலீஷ் பள்ளியிலதாம்மா. பயந்துக்கிட்டுதான் சேர்த்தேன். இன்னைக்கும் அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். ஊரிலிருந்து அவன் தாத்தா போட்ட கடிதங்களை நான்தான் படித்துக் காட்டினேன்" என்றேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "நீங்க பயந்த மாதிரிதான் நாங்களும் பயப்படுதோம்" என்று சொல்லி டீ போட்டுக் கொடுத்தார். மூத்த பையனை அந்த ஆண்டு எங்களிடம் சேர்க்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து இளைய மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அதன் பிறகு அந்தச் சந்தில் எங்களுக்காகப் பேசியவர் அவர்தான்.

அன்று நான் கற்ற பாடம் இது: பெற்றோரிடம் போவது பிரசங்கம் செய்வதற்கல்ல. அவர்களுடைய பயம் நியாயமானது. அதற்கு நேர்மையான பதில் வேண்டும்.

என்ன பதில் சொல்லலாம்?

"தமிழில் படித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பார்கள். மகாராஷ்டிரத்தில் 2000ஆம் ஆண்டு முதல் எல்லா வழிப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலேயே ஆங்கிலம் ஒரு பாடம். 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி மராத்தியும் கட்டாயம். ஆக, தமிழ்ப் பள்ளியில் சேரும் பிள்ளை தமிழ் மட்டும் படிப்பதில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றே சொல்கிறது. இவற்றையெல்லாம் வாயால் சொல்வதைவிட, அதே சந்தில் வளர்ந்து இன்று நர்ஸாகவோ கணக்கராகவோ இருக்கும் பழைய மாணவியை அழைத்துப் போய் நிறுத்துவது மேல். தொடக்கப் பள்ளிக்குப் பின் எந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போகலாம் என்ற விவரமும் கையில் இருக்க வேண்டும்.

"பிறப்புச் சான்றிதழ் ஊரில் இருக்கிறது, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை" என்று தயங்குபவர்கள் உண்டு. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதற்காகவோ பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இந்த ஒரு தகவலைச் சொன்னதாலேயே எங்களிடம் சேர்ந்த பிள்ளைகள் உண்டு.

செய்ய முடியாததை வாக்களிக்கக் கூடாது. ஓராண்டு, "ஆங்கிலத்துக்குத் தனி ஆசிரியர் வருவார்" என்று ஆசையில் சொல்லிவிட்டேன். வரவில்லை. ஒரே வரிசையில் நான்கு வீடுகள் எங்களை விட்டுப் போயின. ஒலிபெருக்கியால் கிடைக்காத பெயர், ஒரு பொய்யால் ஒரே வாரத்தில் கிடைத்துவிட்டது!

சேர்த்த பிறகு

2022ல் மாநகராட்சியே ஒரு லட்சம் புதிய மாணவர்கள் என்ற இலக்குடன் சேர்க்கை இயக்கம் நடத்தியது. நல்ல முயற்சி. ஆனால் சேர்த்த பிள்ளை தங்க வேண்டுமே! பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதி பெண்கள் என்பது சட்டம். அந்தக் குழுவைக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடாமல், கருத்துக் கேட்கவும் கூப்பிட்டால், அந்தத் தாய்மார்களே அடுத்த ஆண்டுப் பிள்ளைகளை அழைத்து வருவார்கள்.

நம்முடைய பங்கு

நம் சங்க உறுப்பினர்களில் பெரும்பாலோர் என்னைப் போலவே பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியவர்கள். அதற்காகத் தமிழ்ப் பள்ளி நமக்கு அந்நியமாகிவிடக் கூடாது. வரும் தீபாவளிக்குப் பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, ஒரு பள்ளிக்கு இரண்டு அன்பர்கள் வீதம் ஆசிரியர்களுடன் சந்துகளுக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நன்கொடை வேண்டாம், மேடை வேண்டாம், சால்வையும் வேண்டாம். நோட்டுப் புத்தகம் நான் கொண்டு வருகிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். "ஒங்க பிள்ளை எங்க படிச்சான்?" என்று உங்களையும் கேட்பார்கள். உண்மையைச் சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும்.