மின்கலச் சுத்தியல் டிரில்: தேர்ந்தெடுக்கும் முறையும் கையாளும் முறையும்

தோட்டத்து மக்கள் கைவேலைக்குப் புதியவர் அல்லர். பால் வெட்டும் கத்தியைத் தீட்டுவதும், கோழிக்கூடு கட்டுவதும், பழுதான பலகையை மாற்றுவதும் நம்மவர் வீடுகளில் அன்றாட வேலைகளே. ஆயினும், பலகைச் சுவரில் எளிதாக இறங்கிய ஆணி, செங்கல்லும் சிமெண்டும் கொண்ட சுவரில் வளைந்து விடுகிறது. அல்லது சுவரின் பூச்சைப் பெயர்த்து விடுகிறது. சாமிப் படத்திற்கு ஒரு தட்டு, பிள்ளைகளின் புத்தகங்களுக்கு ஓர் அடுக்கு, சமையற்கட்டில் ஓர் அலமாரி என எதைப் பொருத்தினாலும் சுவரில் முறையான துளை வேண்டும். அதற்கு உதவும் கருவியே மின்கலத்தால் இயங்கும் சுத்தியல் டிரில் ஆகும். அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு தீங்கின்றிப் பயன்படுத்துவது என்பதை இங்குக் காண்போம்.

கருவி இயங்கும் விதம்

மின்கம்பி இல்லாத டிரில்லை 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பத்தாண்டுகள் கழித்து, 1971இல் அப்போலோ 15 விண்கலத்தில் சென்ற வீரர்கள், சுழன்றவாறே மோதும் மின்கல டிரில் ஒன்றினால் சந்திரனின் தரையைத் துளைத்தனர். 1991இல் லித்தியம்-அயனி மின்கலங்கள் விற்பனைக்கு வந்தன. எடை குறைந்தும் ஆற்றல் மிகுந்தும் விளங்கும் இம்மின்கலங்களே இன்று இக்கருவியை எளியோர் கைக்கும் கொண்டு வந்துள்ளன.

சாதாரண டிரில் சுழல மட்டுமே செய்யும். சுத்தியல் டிரில்லின் உள்ளே பற்கள் கொண்ட இரண்டு எஃகு வட்டுகள் ஒன்றையொன்று நோக்கி அமைந்துள்ளன. ஒரு வட்டின் பற்கள் மற்றதன் பற்கள் மீது ஏறி இறங்கும்போது, முனையிலுள்ள அலகு முன்னும் பின்னுமாக அதிர்ந்து சுவரில் மோதுகிறது. நிமிடத்திற்குப் பல்லாயிரம் மோதல்கள் நிகழும்; ஆனால் ஒவ்வொரு மோதலும் சிறியதே. ஆகவே செங்கல் சுவருக்கு இது நன்கு பொருந்தும். கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தூணையோ உத்தரத்தையோ துளைக்க இது மிகவும் திணறும். அவ்வேலைக்கு, உள்ளே உந்துதண்டு இயங்கிப் பலமாக மோதும் ரோட்டரி ஹேமர் என்னும் வேறு கருவி உண்டு. என்றோ ஒரு நாள் அது தேவைப்படின், விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலாவது, வோல்ட் கணக்கு. லித்தியம் மின்கலம் ஒன்றின் அழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ட். ஐந்து கலங்களைச் சேர்த்தால் 18 வோல்ட். முழுமையாக மின்னேற்றியவுடன் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ட் வரை உயரும். ஆதலால் அதே ஐந்து கலங்கள் கொண்ட பேட்டரியை 20 வோல்ட் அல்லது 21 வோல்ட் என்றும் விற்பர். இவை மூன்றும் ஒன்றே. ஆனால், 48 வோல்ட் என்றும் 88 வோல்ட் என்றும் பெரிய எழுத்தில் அச்சிட்டு மலிவாக விற்கப்படும் கருவிகளைக் கண்டு மயங்கலாகாது. 88 வோல்ட் பெறுவதற்கு இருபதுக்கும் மேற்பட்ட கலங்கள் வேண்டும். கைக்கு அடக்கமான பேட்டரிக்குள் அத்தனை கலங்கள் எங்ஙனம் அடங்கும்? வீட்டு வேலைக்கு மெய்யான 12 வோல்ட் கருவி ஓரளவு போதும். செங்கல் சுவரில் அடிக்கடி துளையிடுவோர்க்கு 18 வோல்ட் ஏற்றது.

இரண்டாவது, ஆம்பியர்-மணி. இது பேட்டரி எவ்வளவு நேரம் உழைக்கும் என்பதைக் காட்டுவது. வோல்ட்டையும் இதனையும் பெருக்கினால் சேமித்துள்ள ஆற்றல் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி எனில் 36 வாட்-மணி. 4 ஆம்பியர்-மணி எனில் அதன் இரு மடங்கு. வீட்டு வேலைக்கு 2 ஆம்பியர்-மணி போதுமானது.

மூன்றாவது, மோட்டார். கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் விலை குறைந்தது. ஆயின் பிரஷ் தேயும்போது மாற்ற வேண்டும். பிரஷ் இல்லாத மோட்டார் விலை சற்று மிகுந்தது. சூடு குறைந்து, பேட்டரியும் நீடித்து உழைக்கும்.

நான்காவது, விலைச்சீட்டு. சில கருவிகள் பேட்டரியும் மின்னேற்றியும் இன்றித் தனியே விற்கப்படுகின்றன. விலை குறைவென மகிழ்ந்து வாங்கியபின் அவற்றைத் தனியே வாங்க நேர்ந்தால் செலவு மிகும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி பெரும்பாலும் மற்றொரு நிறுவனத்தின் கருவியில் பொருந்தாது. எனவே, மாற்றுப் பேட்டரி அருகிலுள்ள பட்டணத்தில் கிடைக்குமா என்பதையும், மின்னேற்றியில் சீரிம் முத்திரை உள்ளதா என்பதையும் பார்த்து வாங்க வேண்டும்.

நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. சில நூறு ரிங்கிட் விலையுள்ள ஒரு கருவி தொழிலாளர் குடும்பத்திற்குச் சிறு செலவன்று. ஆண்டில் நான்கைந்து நாட்களே பயன்படும் பொருளை வீட்டுக்கொன்றாக வாங்குவானேன்? நான்கு குடும்பங்கள் பங்கிட்டு ஒன்றை வாங்கலாம். தோட்டத் தொழிலாளர் சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கலாம் என்பதை, 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தோன்றிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் நமக்குக் காட்டியிருக்கிறது.

துளையிடும் முறை

தோட்ட நிர்வாகம் கொடுத்துள்ள வீடாயின், முதலில் நிர்வாகத்தின் அனுமதியைப் பெற வேண்டும்.

சுவருக்குக் கார்பைடு முனையுள்ள அலகு வேண்டும். மரத்திற்கும் இரும்பிற்கும் அவற்றிற்குரிய அலகுகள் தனியே உள்ளன. மரம், இரும்பு, பளிங்கு ஓடு ஆகியவற்றைத் துளைக்கும்போது சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் மரம் பிளக்கும், ஓடு விரிசல் காணும்.

திருகாணியைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறையை ‘வால் பிளக்’ என்பர். அது 6 மில்லிமீட்டர் எனில் அலகும் 6 மில்லிமீட்டராகவே இருத்தல் வேண்டும். உறை சுவரின் மேற்பூச்சைக் கடந்து செங்கல்லினுள் நிற்க வேண்டும் என்பதை மறவாதீர். பூச்சை மட்டும் பற்றி நிற்கும் தட்டு ஒரு நாள் பூச்சோடு பெயர்ந்து விழும். அதன் கீழே குழந்தை படுத்திருக்கக் கூடும். உறையின் நீளத்தை விட 10 மில்லிமீட்டர் கூடுதலாகத் துளையின் ஆழம் இருக்கட்டும். அந்த அளவில் அலகின் மீது வண்ண நாடா ஒன்றைச் சுற்றிக்கொண்டால் ஆழம் தவறாது.

குறியிட்ட இடத்தில் அலகை நேராக நிறுத்தி, மெதுவாகச் சுழலவிட்டுத் தொடங்குக. முனை பதிந்தபின் வேகத்தைக் கூட்டி, சீராக அழுத்துக. அழுத்தமே இல்லையெனில் உள்ளிருக்கும் பற்கள் மோதா. அளவுக்கு மிஞ்சி அழுத்தினால் மோட்டார் சூடேறும். பால் வெட்டுவோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மேலோட்டமாக வெட்டினால் பால் வராது, ஆழ்ந்து வெட்டினால் மரத்தில் காயம் படும் என்பதை அறிந்த கைகள் அவை. இடையிடையே அலகை வெளியே இழுத்துத் தூளை அகற்றுக. அலகு திடீரென்று முன்னேற மறுத்தால் அங்குக் கான்கிரீட் கம்பி இருக்கலாம். வலிந்து துளைக்காமல் இடத்தை மாற்றுக.

உயிருக்கும் உடலுக்கும் காப்பு

சுவருக்குள் மின்கம்பிகள் ஓடுகின்றன. சுவிட்சுக்கும் பிளக்கிற்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் பக்கவாட்டிலும் துளையிடலாகாது. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிரைப் போக்க அது போதும். மின்கல டிரில்லுக்கு வீட்டு மின்சாரம் தேவையில்லை அன்றோ? ஆகவே, பகல் வெளிச்சத்தில் முதன்மைச் சுவிட்சை அணைத்துவிட்டு வேலை செய்தல் நலம். கூரை மின்விசிறி போன்றவற்றின் கம்பி வேலையை உரிமம் பெற்ற மின்னியலாளரிடமே விட வேண்டும்.

கண்ணாடி அணியாமல் துளையிடலாகாது. தெறிக்கும் சிறு துண்டு ஒன்று பார்வையைப் பறித்துவிடும். செங்கல், சிமெண்டுத் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலுக்குத் தீங்கு செய்வதால், N95 போன்ற முகக்கவசம் அணிக. பழைய வீடுகளின் கூரையிலும் உட்கூரையிலும் உள்ள சிமெண்டுத் தகடுகளில் கல்நார் கலந்திருக்கக் கூடும். அதன் தூள் புற்றுநோயை விளைவிக்கும். அவற்றைத் துளைக்கவே வேண்டாம். தொங்கும் துணி, அவிழ்ந்த கூந்தல், கையுறை ஆகியவை சுழலும் அலகில் சிக்கும். அலகை மாற்றும்போது பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும். பிள்ளைகள் அருகில் நிற்கலாகாது.

பேட்டரியைப் பேணுதல்

லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் பகை. வெயிலில் நிற்கும் வாகனத்திலோ மோட்டார் சைக்கிள் கூடையிலோ அதனை விட்டுச் செல்லக் கூடாது. வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே மின்னேற்றாமல், ஆறியபின் ஏற்றுக. அதற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்துக. இரவு முழுதும் ஏற்ற வைத்து உறங்கலாகாது; மெத்தை, மண்ணெண்ணெய், உலர்ந்த ரப்பர் ஷீட்டு ஆகியவற்றின் அருகிலும் வைக்கலாகாது. நெடுநாள் பயன்படுத்தாவிடில் பாதியளவு மின்னேற்றி, உலர்ந்த இடத்தில் வைக்கலாம். உப்பிய பேட்டரியையும் கீழே விழுந்து நசுங்கிய பேட்டரியையும் மீண்டும் பயன்படுத்த வேண்டாம். பழுதானதைக் குப்பையிலோ நெருப்பிலோ எறியாமல், மின்னணுக் கழிவுகளைச் சேகரிக்கும் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

நல்ல கருவி ஒன்றும், அதனை அறிந்து கையாளும் ஒருவரும் இருந்தால், ஒரு லயத்து மக்கள் அனைவருக்கும் அது பயன்படும். ஆளை அழைத்துக் கூலி கொடுக்கும் செலவு மிஞ்சும். பள்ளி முடித்த இளைஞர்கள் இதனைப் பழகிக்கொண்டால் நாளை அவர்களுக்கு அதுவே ஒரு தொழிலுக்கு முதற்படியாகவும் அமையலாம். விலையை விசாரிப்பதற்கு முன் தேவையை எண்ணிப் பார்ப்போம். விசையை அழுத்துவதற்கு முன் கண்ணாடியை அணிவோம்.