கரடுமுரடான வீதிக்கு ஏற்ற டயர் அளவு எது?

தென் அவுஸ்திரேலியாவில் வாழும் நாம், பாடசாலை விடுமுறை வந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இந்நாட்டின் உட்பகுதியைக் காணப் புறப்படுகின்றோம். அடிலெயிட் நகரிலிருந்து வடக்கே பிளிண்டர்ஸ் மலைத்தொடர் வரை தார் வீதியிலேயே சென்றுவிடலாம். அங்கிருந்து பிராச்சினா கணவாய்க்குள் இறங்கினால் கிறவல் வீதி தொடங்குகின்றது. இன்னும் வடக்கே, மறீ என்னும் ஊரிலிருந்து மார்லா வரை செல்லும் ஊட்னடாட்டா தடம் ஏறக்குறைய 620 கிலோமீற்றர் நீளமுடையது. இடையே வில்லியம் கிறீக், ஊட்னடாட்டா போன்ற மிகச் சிறிய குடியிருப்புக்களே உள்ளன. வழியின் பெரும்பகுதியில் கைத்தொலைபேசி இயங்குவதில்லை. அத்தகைய இடத்தில் ஒரு டயர் கிழிந்தால் உதவி வந்து சேரப் பல மணிநேரம் ஆகலாம். ஆகவே, எந்த அளவான டயரைப் பூட்டுவது என்னும் வினா வெறும் செலவுக் கணக்கன்று. குடும்பத்தின் பாதுகாப்பைப் பற்றிய வினாவாகும்.

கரடுமுரடான வீதிக்குப் பெரிய டயர் வேண்டும் என்று பலரும் கூறுவர். ஆனால் எதிலே பெரியது? அகலத்திலா, உயரத்திலா, நடுவிலுள்ள உலோக வளையத்திலா? இவற்றை வேறுபடுத்தி அறிந்துகொண்டால் விடை தானே புலப்படும்.

டயரில் எழுதியிருப்பது என்ன?

நம்மிற் பலர் வைத்திருக்கும் நடுத்தரக் குடும்ப வாகனங்களின் டயர்களில் 225/65ஆர்17 102எச் என்பது போன்ற குறியீடு காணப்படும். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. ‘ஆர்’ என்பது உள்ளிருக்கும் இழைகள் ஆரைவாக்கில், அதாவது நடுவிலிருந்து விளிம்பை நோக்கிச் செல்கின்றன என்பதைக் குறிக்கும். 17 என்பது றிம் எனப்படும் உலோக வளையத்தின் விட்டம், அங்குலத்தில். 102 என்பது சுமைச் சுட்டெண். ஒரு டயர் 850 கிலோகிராம் வரை தாங்கும் என்பது அதன் பொருள். ‘எச்’ என்பது மணிக்கு 210 கிலோமீற்றர் வரையான வேகத்துக்கு அமைந்தது என்பதைச் சொல்லும்.

இனி ஒரு சிறு கணக்குச் செய்வோம். 225இன் நூற்றுக்கு 65 பங்கு ஏறக்குறைய 146 மில்லிமீற்றர். இதுவே பக்கச்சுவரின் உயரம். மேலும் கீழுமாக இரண்டு பக்கச்சுவர்களுக்கு 292. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர் ஆதலால் 17 அங்குல வளையம் 432. இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 724 மில்லிமீற்றர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இக்கணக்கைச் செய்துவிடலாம்.

பக்கச்சுவரே காவல்

இக்காலத்தில் ஒரே வகைக் கார் 17, 18, 19 அங்குல வளையங்களுடன் விற்பனைக்கு வருகின்றது. விலை கூடிய காருக்குப் பெரிய வளையம், பார்வைக்கும் அழகு. ஆனால் கணக்கு வேறொன்றைக் காட்டுகின்றது. 225/60ஆர்18 என்னும் டயரின் முழு விட்டம் 727 மில்லிமீற்றர். முன்னையதற்கு ஏறக்குறையச் சமம். பக்கச்சுவரோ 135 மில்லிமீற்றராகக் குறைந்துவிடுகின்றது. 235/55ஆர்19 என்னும் டயரில் அது 129 மில்லிமீற்றர் மாத்திரமே.

கூரிய கல்லின் மீதோ குழியின் விளிம்பிலோ சக்கரம் மோதும்போது, பக்கச்சுவர் வளைந்து கொடுத்து அவ்வடியை ஏற்றுக்கொள்கின்றது. அது குட்டையாக இருந்தால் வளைய இடமின்றிக் கல்லுக்கும் உலோக வளையத்துக்கும் இடையில் நசுங்கும். உள்ளிருக்கும் இழைகள் அறும், வளையமும் நெளியக்கூடும். ஆணி குத்திய துளையை வழியிலேயே அடைத்துவிடலாம். பக்கச்சுவர் கிழிந்தால் பெரும்பாலும் அந்த டயரைக் கைவிடவேண்டியதே. ஆகையால், முழு விட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, வளையம் சிறிதாகவும் பக்கச்சுவர் உயரமாகவும் உள்ள அளவே கரடுமுரடான வீதிக்கு உகந்தது.

எவ்வளவு மாற்றலாம்?

சாரதியின் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும் தகட்டில், அக்காருக்கு உற்பத்தியாளர் அனுமதித்த டயர் அளவுகளும் காற்றமுக்கமும் தரப்பட்டிருக்கும். முதலில் அதைப் படித்தல் வேண்டும். சிறிய வளையமும் அதில் இருந்தால் தயக்கமின்றி அதனைத் தெரிவு செய்யலாம். இல்லையெனில், அவ்வளையம் தடுப்புக் கருவியில் உராயாமல் பொருந்துமா, ஆணித் துளைகளின் இடைவெளி ஒன்றா என்பதை டயர்க் கடையில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் வாகன மாற்ற விதிமுறைகளின்படி, சாதாரணக் கார்களில் முழு விட்டம் அனுமதித்த அளவைவிட 15 மில்லிமீற்றருக்கு மேல் கூடவோ 26 மில்லிமீற்றருக்கு மேல் குறையவோ கூடாது. நான்கு சக்கர இழுவை வண்டிகளுக்குப் பொதுவாக 50 மில்லிமீற்றர் வரை கூட இடமுண்டு. மாநிலத்துக்கு மாநிலம் சிறு வேறுபாடுகள் இருப்பதால், மாற்றுமுன் நம் மாநிலத்தின் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்தல் நலம். விதிக்கு மாறான டயரைப் பூட்டியிருந்தால், விபத்தின் பின்னர் காப்புறுதிப் பணம் மறுக்கப்படவும் கூடும்.

பெரிய டயர் காரை வெகுவாக உயர்த்திவிடும் என்று எண்ணுவதும் தவறு. 225/65ஆர்17க்குப் பதிலாக 235/65ஆர்17 பூட்டினால் முழு விட்டம் 13 மில்லிமீற்றர் கூடும். கார் உயர்வதோ அதிற் பாதி, ஆறரை மில்லிமீற்றரே. அதேவேளை, வேகமானி 100 என்று காட்டும்போது கார் முன்னையதைவிட ஏறக்குறைய 2 கிலோமீற்றர் கூடுதலான வேகத்தில் ஓடும். கைம்மாறாகக் கிடைப்பது சிறிது, கவனிக்கவேண்டியது பெரிது.

அகலத்திலும் அளவறிதல் வேண்டும். அகன்ற டயர் தார் வீதியில் வளைவுகளை இறுகப் பற்றும். தளர்ந்த சரளையிலோ அது மேலே மிதந்து வழுக்க இடமுண்டு. எனவே அகலத்தைக் கூட்டுவதிலும் பக்கச்சுவரின் உயரத்தைப் பேணுவதே மேல். எவ்வளவை மாற்றினாலும் சுமைச் சுட்டெண் மட்டும் தகட்டிலுள்ளதைவிடக் குறையலாகாது. ஐவர், கூடாரம், குடிநீர், உணவுப்பெட்டி எனச் சுமை ஏறும்போதுதான் அவ்வெண்ணின் அருமை தெரியும்.

காற்றும் ஓர் அளவே

சரியான டயரும் தவறான காற்றமுக்கத்தாற் கெடும். கிறவல் வீதியில் காற்றை ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைப்பது அனுபவமுள்ளோர் வழக்கம். தார் வீதியில் 36 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் கிறவலில் 27 அளவில் வைப்பர். டயர் கல்லை மூடிப் படிந்து செல்லும். தரையைத் தொடும் பரப்பும் நீளும். ஆனால் காற்றுக் குறைந்த டயர் விரைவிற் சூடேறுமாதலால் வேகத்தையும் குறைத்தே ஆகவேண்டும். தார் வீதிக்குத் திரும்பியதும் மீண்டும் காற்றடிக்க வேண்டும்.

சரிபார்க்க எளிய வழியொன்று உண்டு. புறப்படுமுன் குளிர்ந்த நிலையில் அமுக்கத்தை அளந்து, ஒரு மணிநேரம் ஓடியபின் மீண்டும் அளக்கவும். சாதாரணக் காரின் டயரில் அது 4 பி.எஸ்.ஐ. அளவு ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறிச் சூடேறுகின்றது; காற்றுக் குறைவு, சுமை அதிகம், அல்லது வேகம் அதிகம் என்பது பொருள். அளவுமானியும் சிறு காற்றடிக்கும் கருவியும் காரில் என்றும் இருத்தல் வேண்டும்.

மேலதிகச் சக்கரம்

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உப்பு வணிகரின் வண்டியைக் காட்டுகின்றார். பள்ளமும் மேடும் எப்படி இருக்குமோ என்றஞ்சி, அவர்கள் வண்டியின் அடியில் மேலதிகமாக ஓர் அச்சைக் கட்டிச் செல்வர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கரடுமுரடான வழியின் இயல்பை நம்மவர் நன்கறிந்திருந்தனர்.

இன்று பல கார்களில் அந்தச் சேமம் மெலிந்துவிட்டது. சிலவற்றில் மணிக்கு 80 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டக்கூடாத ஒல்லியான தற்காலிகச் சக்கரமே உள்ளது. வேறு சிலவற்றில் துளையடைக்கும் பசை மட்டுமே உள்ளது. கிழிந்த பக்கச்சுவருக்கு அப்பசை உதவாது. உட்பகுதிக்குச் செல்வோர் மற்ற நான்கையும் ஒத்த முழு அளவுச் சக்கரம் ஒன்றையேனும் கொண்டு செல்லவேண்டும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் கார்களில் இது மேலும் முக்கியம். அளவு வேறுபட்ட சக்கரத்துடன் நெடுந்தூரம் ஓடினால் விசையைப் பகிர்ந்தளிக்கும் பற்சில்லுகள் பழுதடையக்கூடும். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திற் செய்தது. ஓடாமலே கிடந்த சக்கரமும் மூப்படையும்.

பெற்றோர்களே, அடுத்த விடுமுறைப் பயணத்துக்கு முன்னர், ஒரு மாலைப் பொழுதில் பிள்ளைகளுடன் காரருகே சென்று, கதவோரத் தகட்டையும் டயரின் எழுத்துக்களையும் ஒப்பிட்டுப் படியுங்கள். கணக்கை அவர்களே போடட்டும். வளையத்தின் பளபளப்பை நாடாது, பக்கச்சுவரின் உயரத்தையும் சுமையையும் காற்றையும் சேமச் சக்கரத்தையும் நாடுவோமாக. சென்ற வழியே நலமாய்த் திரும்பி வருவதே நல்ல பயணம்.