இரண்டாவது குழாய்

கழிவுநீரைச் சுத்திகரித்து மீளப் பாவிக்கும் திட்டம் என்றதும் நம்மவர் முதலில் கேட்பது "அந்தத் தண்ணி சுத்தமா?" என்பதுதான். நீர்வழங்கல் துறையில் வேலை செய்தவன் என்ற வகையில் சொல்கிறேன், எங்கட துறைக்காரரின் பயம் பெரும்பாலும் அங்கே இல்லை. வடிகட்டியும் புறஊதாக் கதிரும் செய்யும் வேலையை அளந்து பார்க்கலாம். அளக்க முடிந்ததற்கு எஞ்சினியர் அவ்வளவாகப் பயப்படமாட்டார். நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968 முதல் கழிவுநீரைக் குடிநீராக்கி வருகிறது.

பயம் குழாய்ப் பொருத்தில் இருக்கிறது.

நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரின் மேற்கே லெய்ட்ஷ ரைன் என்றொரு புதிய குடியிருப்பு. வீட்டுக்கு இரண்டு குழாய். ஒன்றில் குடிநீர். மற்றதில் மலசலகூடத்துக்கும் உடுப்புக் கழுவவும் தோட்டத்துக்குமாக அரைகுறையாகச் சுத்திகரித்த நீர். குடிக்கிற தண்ணியை மலசலகூடத்தில் ஊற்றுவது வீண்விரயம்தானே! 2001 டிசம்பரில், பராமரிப்பு வேலையை அடுத்து இரண்டு வலையமைப்புகளும் இணைந்துபோய், மற்ற நீர் குடிநீர்க் குழாய்க்குள் ஏறிவிட்டது. பலருக்கு வயிற்றோட்டம். சுத்திகரிப்பு நிலையத்தில் எந்தப் பிழையும் இல்லை. பிழை ஒரு இணைப்பில். 2003இல் அரசு அத்தகைய பெரிய திட்டங்களுக்குத் தடை போட்டது.

அவுஸ்திரேலியாவின் டூவூம்பாவில் நடந்தது வேறு. கடும் வரட்சியிலும், சுத்திகரித்த கழிவுநீரை அணைக்கட்டில் கலக்கும் யோசனையை 2006 ஜூலை வாக்கெடுப்பில் ஏறத்தாழ 62 வீதமானோர் நிராகரித்தார்கள். ஒருவருக்கும் நோய் வரவில்லை, ஒரு குழாயும் போடவில்லை, திட்டம் முடிந்தது.

"சனங்களுக்கு விளங்குதில்லை" என்று துறைக்காரர் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. பழைய முறையில் ஒரே நிறுவனம் நீரைச் சுத்திகரித்து வாசல்வரை கொண்டுவந்து தரும். பிழைத்தால் கேட்பதற்கு ஒரு ஆள் உண்டு. புதிய முறையில் மழைநீர்த் தொட்டி, இரண்டாவது குழாய், வீட்டுக்காரர், பைப் பாஸ் என்று பொறுப்பு சிதறிப்போகிறது. துறைக்காரர் தங்களுக்குள் கேட்பதும் "பிழைத்தால் யார் பொறுப்பு?" என்பதைத்தான். சனங்களும் அதையே வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்.

மார்க்கத் தரப்பில் இது புதுக் கேள்வியல்ல. சவூதி மூத்த உலமா சபை 1978இலேயே, நஜீஸின் நிறமும் சுவையும் வாடையும் முற்றாக நீங்கும்படி சுத்திகரித்த நீர் தூய்மையானது, வுழூவுக்கு ஆகும் என்று தீர்ப்பளித்தது. குடிப்பதை மட்டும் தவிர்ப்பது நல்லது என்றது. ஆகவே நாளைக்கு எங்கட பள்ளிவாசலொன்றுக்கு இரண்டாவது குழாய் வந்தால், நிர்வாகம் கேட்கவேண்டியது இதுதான்: அந்தக் குழாய்க்கு வேறு நிறம் உண்டா, ஒவ்வொரு திருத்த வேலைக்குப் பிறகும் இரண்டும் கலக்கவில்லை என்று பரிசோதித்துக் கையொப்பமிடுவது யார்?