கொம்பில் கை வைக்காதீங்க!

ஊருக்குள்ள விடாம வழியை மறிச்சு நின்னா, அதுக்குப் பேர் விருந்தோம்பலா? ஆமாங்கிறாங்க சீனாவின் மியாவ் இன மக்கள்!

தென்மேற்குச் சீனாவில் இருக்கு குய்சோ மாகாணம். அங்கே மலைப்பாதையில் மூச்சு வாங்க ஏறிப் போனா, மரவீடுகள் அடுக்கடுக்கா நிக்கிற மியாவ் கிராமங்கள் வரும். விருந்தாளி வர்றாங்கன்னா, ஊர் வாசல்லயே பெண்கள் வெள்ளி நகைகள் கலகலக்கப் பாட்டுப் பாடி வழிமறிப்பாங்க. மாட்டுக் கொம்பில் அரிசி மதுவை ஊத்தி, நம்ம உதட்டுக்கிட்டயே கொண்டு வருவாங்க. ஒரு வாய் குடிச்சா போதும், வழி விட்டுடுவாங்க.

ஆனா, மரியாதைக்குக் கையில வாங்கிக்கலாம்னு கொம்பைத் தொட்டீங்களோ, மொத்தத்தையும் நீங்கதான் குடிச்சு முடிக்கணும்! அதனால, அந்தப் பக்கம் மலையேறப் போறவங்க கையைப் பின்னால கட்டிக்குங்க, வாயை மட்டும் திறங்க!