எண்ணெயில் ஓடும் பெல்ட்: டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்போர் கவனத்துக்கு

2013-இல் சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையிலிருந்து வந்த ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 1.0 லிட்டர் எக்கோபூஸ்ட் கார்கள் இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன. ஃபோர்டு இங்கே கார் தயாரிப்பை நிறுத்திவிட்டாலும் அந்தக் கார்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, கைமாறிக்கொண்டும் இருக்கின்றன. வாங்குகிறவர் டயரைப் பார்க்கிறார், பெயின்ட்டைப் பார்க்கிறார், ஓடோமீட்டரைப் பார்க்கிறார். இன்ஜினுக்குள் இருக்கும் ரப்பர் பெல்ட்டைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் விட்டால், பிறகு இன்ஜினையே மாற்ற வேண்டிய நிலை வரலாம்.

சிறிய இன்ஜின், பெரிய வேலை

இந்த இன்ஜினின் கொள்ளளவு 999 சி.சி.; சிலிண்டர்கள் மூன்று. அதன் பிளாக் ஏ4 தாளின் பரப்புக்குள் அடங்கும். ஆனாலும் இந்தியாவில் விற்ற எக்கோஸ்போர்ட்டில் இது 125 குதிரைத்திறனும் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. 2012, 2013, 2014 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ‘உலகின் சிறந்த இன்ஜின்’ விருதையும் பெற்றது.

இந்த வலிமை டர்போவிலிருந்து வருகிறது. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழலும் டர்பைன், கூடுதல் காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. அத்தனை சுழற்சியையும் சூட்டையும் தாங்கும் பேரிங்குகளைக் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். டர்போ இல்லாத பழைய இன்ஜின் ஆயில் மாற்றுவதில் சற்றுத் தாமதித்தாலும் பொறுத்துக்கொள்ளும். இதற்கு அந்தப் பொறுமை இல்லை.

ஆபத்து எங்கே இருக்கிறது?

வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட், பல கார்களில் ஆயில் படாத உலர்ந்த இடத்தில் ஓடும். இந்த எக்கோபூஸ்ட்டில் உராய்வைக் குறைக்க அதை இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடவிட்டார்கள். ஆயில் பம்ப்பை இயக்குவதும் ஆயிலில் நனைந்த இன்னொரு பெல்ட்தான். பிந்தைய மாடல்களில் டைமிங்குக்குச் செயின் வந்தபோதும் ஆயில் பம்ப்புக்குப் பெல்ட்டே தொடர்ந்தது.

சரியான ரக ஆயிலை ஊற்றி, காலத்தில் மாற்றிவந்தால் பெல்ட் நீண்ட நாள் உழைக்கும். தவறான ஆயிலோ, பழசாகிப்போன ஆயிலோ, குறுந்தூர ஓட்டங்களில் பெட்ரோல் கலந்த ஆயிலோ ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும். உதிர்ந்த துகள்கள், ஆயில் தேங்கும் சம்ப்பில் உள்ள ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியை அடைக்கும். ஆயில் அழுத்தம் விழுந்தால் முதலில் டர்போவும் பேரிங்குகளும் அடிவாங்கும். பிரேக்குக்குத் துணைசெய்யும் வேக்குவம் பம்ப்பும் செயலிழக்கலாம். அப்போது பிரேக் மிதி கல்லாக இறுகும். செலவாகத் தொடங்கிய விஷயம் இப்படித்தான் உயிர் ஆபத்தாகிறது.

அமெரிக்காவில் 2023 இறுதியில் ஃபோர்டு சுமார் 1.4 லட்சம் 1.0 லிட்டர் கார்களைத் திரும்ப அழைத்தது. 2018 முதல் 2022 வரையிலான எக்கோஸ்போர்ட்களும் 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ்களும் அதில் அடக்கம். ஆயில் பம்ப் பெல்ட்டோ அதை இறுக்கிவைக்கும் டென்ஷனரோ பழுதாகி, இன்ஜின் நின்று, பிரேக் உதவி போகலாம் என்பதே காரணம். அங்கே விற்ற எக்கோஸ்போர்ட்கள் மறைமலை நகரில் தயாராகிக் கப்பலேறியவை.

உங்கள் காருக்குச் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் டர்போ காரில் இருப்பது செயினா, உலர் பெல்ட்டா, ஆயிலில் ஓடும் பெல்ட்டா என்று தெரிந்துகொள்ளுங்கள். எல்லாச் சிறிய டர்போக்களும் ஒன்றல்ல. ஹூண்டாயின் 1.0 லிட்டர் டர்போவில் செயின், ஃபோக்ஸ்வாகனின் 1.0 டி.எஸ்.ஐ.யில் உலர் பெல்ட்.

ஆயில் வாங்கும்போது ‘5டபிள்யூ-20’ போன்ற கனத்தை மட்டும் பார்க்காதீர்கள். கையேட்டில் நிறுவனம் குறித்திருக்கும் தர எண் டப்பாவிலும் இருக்க வேண்டும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்ட்டரும் மாற வேண்டும்.

எக்கோபூஸ்ட் கார் பத்து வயதைத் தொட்டிருந்தால் பெல்ட் மாற்றியதற்கான பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆயில் சம்ப்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைச் சோதிக்கச் சொல்லுங்கள். பெல்ட் மாற்றச் சிறப்புக் கருவிகள் தேவை. அவற்றை வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் மட்டும் கொடுங்கள். ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். “வீடு வரைக்கும் ஓட்டிப் போயிடலாம்” என்ற எண்ணம் இன்ஜினைக் காவு வாங்கும்.

சட்டம் தரும் பாதுகாப்பு

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தால் சேர்ந்த 110ஏ பிரிவு, ஆபத்தான குறையுள்ள வாகனங்களைத் திரும்பப் பெறும்படி உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே அவை பொருந்தும். அரசு கட்டாயப்படுத்தித் திரும்ப அழைக்க நேர்ந்தால் நிறுவனத்துக்கு 1 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

உங்கள் தனிப்பட்ட இழப்புக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இருக்கிறது. முதலில் விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதியலாம். தீராவிட்டால் நீங்கள் வசிக்கும் அல்லது வேலைபார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். இணையத்திலும் மனுத் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். குறையை ஆய்வகச் சோதனைக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் கழற்றிய பெல்ட்டையும் அடைத்த ஸ்ட்ரெய்னரையும் ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள், படமும் எடுத்துவையுங்கள்.

பயன்படுத்திய காரைத் தனிநபரிடம் வாங்குவோருக்கு இந்தச் சட்டம் பெரிதாகக் கைகொடுக்காது. வாங்கும் முன்பே சர்வீஸ் பில்களைக் கேட்பதுதான் அவர்களுக்குக் காப்பு.

பில்லும் புகாரும்

ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோயன் கார்களின் 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினிலும் இதே ஆயில் பெல்ட் சிக்கல் எழுந்தது. உரிமையாளர்கள் விடாமல் குரல் கொடுத்தபின், அதன் தயாரிப்பாளரான ஸ்டெலாண்டிஸ் 2024-இல் அந்த இன்ஜின்களுக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை நீட்டித்தது. ஆனால் உரிய காலத்தில் சர்வீஸ் செய்ததற்கான சான்று உள்ளவர்களுக்கே அது கிடைக்கும் என்றும் நிபந்தனை வைத்தது.

நம் ஊரிலும் நிலைமை அதுதான். ஆயிலின் தர எண், தேதி, கிலோமீட்டர் மூன்றும் அச்சான பில்லே உங்கள் வழக்கின் அடித்தளம். பில் இல்லாமல் சர்வீஸ் செய்து மிச்சம்பிடிக்கும் சில நூறு ரூபாய்க்காக, லட்ச ரூபாய் இழப்பீட்டைக் கேட்கும் தகுதியைக் கைவிட்டுவிடாதீர்கள். இன்ஜின் பழுதானால் நொந்துகொண்டு காரை விற்றுவிடுவதோடு நிற்காமல் புகாரையும் பதியுங்கள். 110ஏ பிரிவு புகார்களின் எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்கிறது. பதியாத புகார் எந்தக் கணக்கிலும் சேராது. அதே இன்ஜினோடு குடும்பத்தை ஏற்றிச்செல்லும் இன்னொருவருக்கு எச்சரிக்கையும் போய்ச் சேராது.